சக்கரம் நிற்கும் வரை

அந்த உடற்பயிற்சி சைக்கிளை மூன்றாவது மாடிக்கு ஏற்றுவதற்குள் லேத் பட்டறை ஆட்கள் நான்கு பேருக்கும் நாக்கு தள்ளிவிட்டது. ஓர் அங்குலம்கூட நகரப்போகாத சைக்கிளுக்கு இவ்வளவு கனம் எதற்கு என்று ஒருவன் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று திட்டினான். சாப்பாட்டு மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, ஜன்னலுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் அதற்கு இடம் பண்ணினார்கள். பிறகு எல்லோரும் உருண்டையைப் பார்த்தார்கள். உருண்டை சைக்கிளைப் பார்த்தாள்.

உருண்டை என்பது அண்ணன் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. முப்பத்தாறு வயதாகி, ஒரு பெண்ணுக்குத் தாயாகி, சலவைக்கூடத்தில் பத்துப் பேரை மேய்க்கும் பொறுப்புக்கு வந்த பிறகும் அவள் உருண்டைதான். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பதினாறு. படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தான். மதியம் அங்கே சோற்றோடு ஓர் அவித்த முட்டை கொடுப்பார்கள். அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவான். வெள்ளைக்கருவைத் தான் தின்றுவிட்டு மஞ்சள்கருவை அப்படியே அவள் வாயில் போடுவான். "எனக்கு அந்த வாடையே ஆகாது" என்பான்.

அது பச்சைப் பொய் என்று அவளுக்குத் தெரிவதற்கு வெகுகாலம் ஆனது. அவனுக்குக் கல்யாணமாகி, அண்ணி வைத்த தட்டில் இருந்த முட்டையைப் பிட்டு மஞ்சள்கருவை முதலில் வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. இவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவன் அசடு வழிந்தான். ஆக, அவளை உருண்டையாக்கியது அண்ணன்தான். இப்போது அந்த உருண்டையைக் கரைக்கச் சைக்கிள் வாங்கி அனுப்பியதும் அவன்தான்.

அண்ணனின் கல்லீரல் கெட்டுவிட்டது. அவன் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவனில்லை. ஆனாலும் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். எப்போதோ வந்துபோன மஞ்சள் காமாலை போகாமல் உள்ளேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது என்றார்கள் மருத்துவமனையில். நெருங்கிய உறவில் யாராவது தங்கள் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பான், கொடுத்தவருக்கும் அது வளர்ந்துவிடும் என்றார்கள். அண்ணிக்கு ரத்த வகை சேரவில்லை. பிள்ளைகள் இல்லை. மிச்சம் இருந்தது உருண்டை ஒருத்தி. அவளுக்கு எல்லாம் சேர்ந்தது, ஸ்கேனைத் தவிர.

"உங்க ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கும்மா. இப்படியே எடுத்தா அவருக்கும் பிரயோஜனப்படாது, உங்களுக்கும் ஆபத்து" என்றார் டாக்டர். "எடை குறைஞ்சா அதுவும் கரையும். எட்டு கிலோ குறைச்சுட்டு ரெண்டு மாசத்துல வாங்க. அதுக்கு மேல அவரால தாங்க முடியாது."

அதே நாளில் இன்னொரு அறைக்கும் அவளைக் கூட்டிப்போனார்கள். உறுப்பு கொடுக்க வருகிறவர்களிடம் தனியாகப் பேசுவதற்கென்றே அங்கே ஓர் அம்மாள் இருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள்.

"இது உங்களுக்கும் எனக்கும் மட்டும். வீட்ல யாராவது கட்டாயப்படுத்தறாங்களா? பயமா இருக்கா? வேணாம்னு தோணினா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். மருத்துவக் காரணத்தால பொருந்தலைன்னு நாங்களே உங்க வீட்டுக்குச் சொல்லிடுவோம். நீங்க சொன்னீங்கன்னு யாருக்கும் தெரியாது."

உருண்டைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கண்ணனுக்குக் குடுக்கறதுக்கு நான் எதுக்குங்க யோசிக்கணும்? ஒரு துண்டு கேட்டா ரெண்டா வாங்கிக்கச் சொல்லுவேன்" என்றாள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "சரிம்மா. எப்ப வேணா வந்து சொல்லலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் ஓர் இளைஞன் சுவரைப் பிடித்தபடி நடை பழகிக்கொண்டிருந்தான். அப்பாவுக்குக் கொடுத்தவனாம். கேட்காமலே சட்டையைத் தூக்கிக் காட்டினான். நெஞ்சுக்குழியில் தொடங்கிய தையல் வளைந்து இடுப்புப் பக்கம்வரை ஓடியது. "ஒண்ணும் ஆகாதுக்கா" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. உருண்டையின் கணவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளின் இருட்டுக் கூண்டுகளில் கம்பிவடத்தில் தொங்கி வேலை செய்கிறவனுக்குப் பயம் என்பதே கிடையாது என்று ஊரே சொல்லும். மருத்துவமனைப் படி ஏறினால் மட்டும் அவனுக்குக் கை சில்லிட்டுவிடும். குடலிறக்கம், சின்ன ஆபரேஷன், சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று உள்ளே போன அவன் தம்பி வரவேயில்லை. அதைப் பற்றி அவன் பேசுவதில்லை. உருண்டையிடம் ஈரலைக் கொடுக்காதே என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. மச்சான் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல அவனுக்கு நாக்கு எழாது. சைக்கிள் வந்த அன்று, பட்டறை ஆட்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, நட்டுகளை எல்லாம் அவனே ஒருமுறை இறுக்கிக் கொடுத்தான்.

சைக்கிள் என்றால் கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று, அதன்மேல் அழுந்தும் கம்பளிக் கட்டை ஒன்று, அவ்வளவுதான். கைப்பிடிக்குக் கீழே இருந்த குமிழைத் திருகினால் கட்டை இன்னும் அழுந்தும், மிதிப்பது இன்னும் கனக்கும். மிதிப்பதை விட்டால் சக்கரம் அப்போதே நின்றுவிடும். முதல் வாரம் உருண்டைக்கு உயிர் போய் உயிர் வந்தது. தொடை இரண்டும் கெஞ்சின. கம்பளி சூடேறிக் கருகும் வாடை கூடம் முழுக்கப் பரவியது. இறங்கும்போது பெண் வந்து தோள் கொடுப்பாள். சோற்றைக் குறைத்து, சர்க்கரையை விட்டு, சலவைக்கூடத்தில் மற்றவர்கள் டீ குடிக்கும்போது வெறும் வெந்நீர் குடித்தாள். இரண்டு கிலோ குறைந்தது. வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. அதுவரை அது பேச்சாக இருந்தது. எடை காட்டும் முள் நகர்ந்ததும் அது ஒரு கத்தியாகி, மேசையாகி, அந்த இளைஞனின் தையலாகிவிட்டது. குளிக்கும்போது வயிற்றில் சோப்பு போட்ட கை நெஞ்சுக்குழியில் போய் நின்றுகொண்டது. இவள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரையாவது நான் இருக்கவேண்டுமே என்று பெண்ணின் தலையைச் சீவும்போது நினைத்தாள். நினைத்த மறுநிமிடமே அண்ணன் முகம் வந்தது. தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கென்றே ஓர் அறையும், அதில் ஓர் அம்மாளும் இருந்தும், அந்தப் பக்கம் போகவில்லை. அண்ணனுக்கு மாட்டேன் என்று தன் வாயால் சொல்லிவிட்டு எப்படி இருப்பது?

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் கணவன் தன் கருவிப் பையைத் திறந்துகொண்டு சைக்கிள் அருகே உட்கார்ந்தான். "என்னமோ கிரீச்சுனு சத்தம் வருது. கொஞ்சம் எண்ணெய் போட்டு விடறேன்" என்றான். அவள் அடுப்படியிலிருந்து "சரிங்க" என்றாள். அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்டதாக நினைவில்லை.

மறுநாள் காலை பெடலில் கால் வைத்ததும் அது லேசாக ஓடியது. குமிழைத் திருகினாள். டிக் டிக் என்று திரும்பியது, கனம் மட்டும் ஏறவில்லை. இன்னும் திருகினாள். ஊஹும். கருகும் வாடையும் இல்லை. காலைத் தூக்கிக்கொண்டாள். பெடல்கள் தாமாகவே சுற்றிக்கொண்டிருந்தன. எண்ணெய் போட்டதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாள் என்பதைவிட, அப்படி நினைப்பது என்று முடிவு பண்ணிக்கொண்டாள் என்று சொல்வதுதான் நியாயம். சலவைக்கூடத்தில் சூட்டு உருளையில் நீராவி கொஞ்சம் இறங்கினாலே, வெளியே வரும் படுக்கை விரிப்பைத் தொட்டுப் பார்த்து "ஸ்டீம் போதலை" என்று கத்துகிறவள் அவள். தன் காலுக்குக் கீழே கனம் போனது அவளுக்கா தெரியாது?

அதன்பிறகு ஒரு மாதம் அவள் தவறாமல் ஏறி உட்கார்ந்தாள். ஒருநாள்கூட ஏமாற்றவில்லை, அதுதான் கொடுமை. கைப்பிடியில் இருந்த மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் சக்கரத்தின் சுற்று மட்டுமே. கனம் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. கனம் போனதால் சக்கரம் வேகமாகச் சுற்றியது, தூரமும் முன்னைவிடக் கூடுதலாகவே காட்டியது. தினமும் அண்ணன் போன் பண்ணுவான். அவன் குரல் நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"உருண்டை, இன்னைக்கு எவ்ளோ தூரம்டி?"

அவள் மீட்டரைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்வாள்.

"அடேங்கப்பா! இதே வேகத்துல போனா ஒருநாள் எங்க வீட்டு வாசலைத் தாண்டிப் போயிடுவ. போறப்ப ஒரு சத்தம் குடு, நான் வந்து கையாட்டறேன்" என்பான். அவளும் சிரிப்பாள். போனை வைத்துவிட்டுச் சோற்றில் இன்னும் ஒரு கை போட்டுக்கொள்வாள். மிதித்த களைப்பு என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வாள். எடை முள் இரண்டிலேயே நின்றது. சில நாள் ஒன்றரைக்கும் வந்தது. "உன் உடம்பு வாகு அப்படிம்மா. நீ என்ன பண்ணுவ, பாவம், இந்த மிதி மிதிக்கற" என்றாள் அண்ணி. அண்ணி அப்படிச் சொன்ன அன்று உருண்டை குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதாள்.

கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நேரிலேயே வந்துவிட்டான். வரவேண்டாம் என்று அண்ணி எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தான். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் நிறைமாதமாக உப்பியிருந்தது. கண் மஞ்சளில் முக்கி எடுத்தது போலிருந்தது. கதவைத் திறந்த உருண்டை ஓர் அடி பின்வாங்கினாள். அவன் அதைக் கவனித்துவிட்டு, "என்ன பார்க்கற? நீ இளைக்கறதுக்குள்ள நான் இளைச்சுக் காட்டிட்டேன்" என்று சிரித்தான்.

நாற்காலியைச் சைக்கிளுக்கு எதிரே போடச் சொன்னான். "எங்க, ஓட்டு. என் ஆளு ஓட்டறதைப் பார்க்கத்தான் இவ்ளோ படி ஏறி வந்தேன்."

"இப்ப எதுக்குண்ணா? நீ முதல்ல ஏதாவது குடி."

"ஏறுடி."

ஏறினாள். மிதித்தாள். வேண்டுமென்றே மூச்சு வாங்கினாள், அது அவளுக்கே கேவலமாக இருந்தது. அண்ணன் முகம் சிரித்தபடியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்க, காது மட்டும் வேலைக்குப் போய்விட்டது. முப்பது வருஷம் லேத்தோடு மாரடித்தவன் அவன். இரும்பு எதன்மீதாவது உரசிச் சுற்றுகிறதா, சும்மா சுற்றுகிறதா என்று பக்கத்து அறையிலிருந்தே சொல்லிவிடுவான். அவள் நிறுத்திவிட்டுக் கால்களைத் தூக்கிக் கீழே வைத்தாள்.

"மாமா, மாமா, இங்க பாரு!" என்று அவள் பெண் ஓடிவந்தாள். "அம்மா இறங்கினாலும் அது சுத்திக்கிட்டே இருக்கும்! மேஜிக்!"

சக்கரம் சுற்றியது. பெடல்கள் காலில்லாமல் ஏறி இறங்கின. கணவன் தண்ணீர்த் தம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டான். கையை நீட்டிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தவேண்டும் போலிருந்தது உருண்டைக்கு, கை எழவில்லை. அண்ணன் முன்னால் சாய்ந்து முழங்காலில் கையூன்றி, அது வேகம் குறைந்து, தள்ளாடி, கடைசியாக ஒரு பாதிச் சுற்று பின்னால் வந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல வீல். பேரிங் நல்லா இருக்கு" என்றான்.

பிறகு அவன் நிமிர்ந்து பார்த்தது கணவனை அல்ல, அவளை. அவள் தலையைக் குனிந்தாள். குனியாமல் இருந்திருக்கலாம். "என்னங்க இது, இப்படிச் சுத்துது?" என்று கணவனைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எல்லாப் பழியும் அவன் ஒருவன் தலையோடு போயிருக்கும். கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. தெரியாதவள்தானே கேட்பாள்.

அண்ணன் தண்ணீரில் பாதி குடித்தான். பெண்ணின் கன்னத்தைக் கிள்ளினான். கிளம்பும்போது கணவன் ஓடிப்போய், "மச்சான், என் தோளைப் பிடிச்சுக்கங்க" என்றான்.

"வேணாம் மாப்ள. கைப்பிடிச் சுவர் இருக்கு" என்றான் அண்ணன். இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று கேட்டது. போகும்போது அவளை உருண்டை என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பெண் பள்ளிக்கூடம் போனதும் கணவனின் பையிலிருந்து திருப்புளியை எடுத்துச் சைக்கிளின் மூடியைக் கழற்றினாள். குமிழிலிருந்து கம்பளிக் கட்டைக்குப் போகும் கம்பி கொக்கியிலிருந்து விடுவிக்கப்பட்டு, அழகாகச் சுருட்டப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி ஓரமாக ஒட்டப்பட்டிருந்தது. டேப்பின் நுனியை அவன் எப்போதும் மடித்துவிடுவான், பிரிக்கச் சுலபமாக இருக்கவேண்டும் என்பதற்காக. இங்கேயும் மடித்திருந்தான். சட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பியவன் அவளைப் பார்த்து அப்படியே நின்றான்.

"ஏங்க, இது நீங்க பண்ணதா?"

"ஆமா."

"எங்கண்ணனைக் கொல்லப் பார்த்தீங்களா?" அவள் குரல் உயர்ந்தது. "அவர் உங்களை எப்படி வெச்சிருந்தாரு! மனுஷனா நீங்க?"

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான். "திட்டு. நான் பண்ணது தப்புதான். மச்சான்கிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. உன்னை அந்த மேஜைமேல படுக்க வெக்கவும் மனசு வரல. எனக்கு நீ வேணும், அந்தப் பொண்ணுக்கு நீ வேணும். அதுக்கு மேல எனக்கு எதுவும் யோசிக்கத் தெரியல." அவன் கண் சைக்கிள்மேல் போனது. "மறுநாள் நீ ஏறி மிதிச்சே இல்ல? நான் அந்தக் கதவுக்குப் பின்னாலதான் நின்னுட்டிருந்தேன். 'ஏங்க, இது ஏன் இப்படிப் போகுது'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே வந்து மாட்டியிருப்பேன். சத்தியமா. நீ கேக்கல."

உருண்டை திருப்புளியைக் கீழே வைத்தாள். அவனை அடிக்கவேண்டும் போலிருந்தது, அவன் மடியில் விழுந்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"மாட்டுங்க" என்றாள்.

அவன் டேப்பைப் பிரித்துக் கம்பியைக் கொக்கியில் மாட்டினான். அவள் ஏறி உட்கார்ந்து, குமிழைத் திருகும் மட்டும் திருகி, மிதிக்க ஆரம்பித்தாள்.

அதன்பிறகு அவள் மிதித்ததை மிதி என்று சொல்லக் கூடாது. பழி தீர்த்தாள். காலையில் ஒருதரம், வேலை முடிந்து வந்து ஒருதரம், பெண் வீட்டுப்பாடம் எழுதும்போது ஒருதரம். கம்பளி கருகும் வாடை மறுபடி கூடத்தில் நிறைந்தது. தொடை இழுத்துப் பிடித்துக்கொண்டு சலவைக்கூடத்தில் விரிப்பைக் கையில் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தாள். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. தையல் அப்படியேதான் கண்முன் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். சாப்பாடு என்று பெயருக்கு ஏதோ கொறித்தாள். கன்னம் ஒட்டியது, வளையல் முழங்கைவரை ஏறியது. கணவன் வெந்நீர் வைத்துக் கொடுத்தான். கெடு நாளன்று காலை எடை பார்த்தபோது எட்டும் குறைந்திருந்தது.

இந்த மூன்று வாரமும் அண்ணன் போன் பண்ணவில்லை. இவள் பண்ணினால் அண்ணி எடுத்து, "தூங்கறாரும்மா" என்பாள்.

மருத்துவமனையில் ஸ்கேனுக்குப் போகும் வரிசையில் நின்றவளை, அந்தத் தனி அறை அம்மாள் வந்து கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ஸ்கேன் தேவையில்லம்மா. மருத்துவக் காரணத்தால நீங்க பொருந்தலை."

"எட்டு கிலோ குறைச்சிருக்கேங்க. மெஷின்ல ஏத்திப் பாருங்க. கொழுப்பு இருக்கா இல்லையான்னு பார்க்காமலே எப்படிப் பொருந்தலைன்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். அந்த வார்த்தைகளை அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து முன்பே கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்கிறவர்களின் வீட்டுக்குச் சொல்வதற்காகவே வைத்திருக்கும் வார்த்தைகள் அவை.

"நான் வேணாம்னு சொல்லலையே. நான் இங்க வரவே இல்லையே!"

அந்த அம்மாள் மேசைமேல் இருந்த கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"எங்கண்ணன் வந்தாரா? அவர் சொன்னாரா?"

"யார் வந்தாங்க, யார் என்ன சொன்னாங்கன்னு நாங்க சொல்றதில்லம்மா. உங்களுக்குக் குடுத்த அதே வாக்குதான் எல்லாருக்கும்." பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "கொடுக்கறவங்க சம்மதம் மட்டும் போதாதும்மா. வாங்கிக்கறவங்களும் சம்மதிக்கணும்" என்றாள்.

"வேற யாராவது கொடுப்பாங்களா?"

"பதிஞ்சு வெச்சிருக்கு. முன்னாடி நிறைய பேர் காத்திருக்காங்க. அவருக்கு இருக்கற நாள்…" அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

உருண்டை நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். வழி நெடுக, சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். எங்க வீட்டுக்காரர் பண்ணது பாதி, நான் பண்ணது பாதி, எனக்குப் பயமா இருந்துச்சு அண்ணா, இப்பவும் பயமாத்தான் இருக்கு, ஆனா எட்டும் குறைச்சுட்டேன், போய் அவங்ககிட்ட சரின்னு சொல்லு. காலில் விழுந்தாவது சொல்ல வைத்துவிடவேண்டும்.

கதவைத் திறந்த அண்ணி அவளைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். "ஐயோ, எப்படி ஆயிட்ட! எலும்பும் தோலுமா… ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்கம்மா. நீ மனசைப் போட்டு வதைச்சுக்காத. உன்மேல என்னம்மா தப்பு? நீ உசிரைக் குடுத்து மிதிச்ச. உன்னை மாதிரி ஒரு தங்கச்சி யாருக்குக் கிடைப்பா?" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். உருண்டை அந்தக் கைக்குள் விறைத்து நின்றாள். அதற்குப் பதில் அண்ணி கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

அண்ணன் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தான். பக்கத்து முக்காலியில் அவனுக்கு வைத்த தட்டு இருந்தது. கொஞ்சம் குழைந்த சோறு, ஓர் அவித்த முட்டை. எதையும் தொட்டிருக்கவில்லை.

"வா. உட்காரு" என்றான்.

"அண்ணா, அந்தச் சக்கரம்…"

"பொருந்தலையாமே" என்றான் அவன். "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். விடு."

"நீதான் சொல்லியிருக்க. எனக்குத் தெரியும். அண்ணா, நான் சொல்றதைக் கேளு. அது எண்ணெய் போட்டதால இல்ல, எனக்கு அன்னைக்கே…"

"பேரிங் நல்ல பேரிங்" என்றான் அண்ணன். குரல் உயரவில்லை. ஆனால் வாசலில் அண்ணி நிற்பதைக் கண்ணால் காட்டினான். "அவ கேட்டா தாங்க மாட்டா. எனக்கப்புறம் அவளுக்குன்னு இருக்கறது நீயும் மாப்ளயும்தான்."

உருண்டை வாயை மூடிக்கொண்டாள். அவன் வெகுநேரம் அவளைப் பார்த்தான். ஒட்டிய கன்னத்தை, தொளதொளத்த சட்டைக் கையை, முழங்கைவரை ஏறிய வளையலை. கோபமா, வருத்தமா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

"கடைசியா எப்ப சாப்பிட்ட?"

அவள் வளையலை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டாள்.

அவன் தட்டை மடிக்கு இழுத்தான். முட்டையை எடுத்து, நகத்தால் பிளந்தான். ஒரே தடவையில் பிளக்க முடியவில்லை. அவள் உதவிக்குக் கை நீட்டியதைத் தட்டிவிட்டான். வெள்ளைக்கருவைத் தட்டில் போட்டுவிட்டு மஞ்சள்கருவை உடையாமல் விரல்நுனியில் எடுத்தான்.

"எனக்கு வேணாம்ணா. நீ சாப்பிடு. உனக்குத்தான் தெம்பு வேணும்."

"எனக்கு அந்த வாடையே ஆகாது" என்றான். "திற, உருண்டை."

அவள் வாயைத் திறந்தாள். அவன் போட்டான். மென்றால் தொண்டையை அடைத்தது, துப்பவும் வழியில்லை. அவள் முழுவதையும் விழுங்கி முடிக்கும்வரை அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.